அல்சர் இருக்கும்போது குழந்தைப்பேறுக்கான ஹார்மோன் ஊசி: சாப்பாட்டிலும் மாத்திரையிலும் கவனிக்க வேண்டியவை

வயிற்றுப்புண்ணுக்கு ஒரு டாக்டர், குழந்தைப்பேறுக்கு ஒரு டாக்டர் என்று இரண்டு இடங்களில் பார்ப்பவர்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர் உண்டு. இரண்டு சீட்டுகளும் தனித்தனிக் கவரில் இருக்கும். ஆனால் இரண்டு சீட்டிலும் உள்ள மருந்துகள் போய்ச் சேர்வது ஒரே உடம்புக்குள்தான். அல்சருக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் ஒரு மாத்திரை, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போடும் ஊசியின் பலனைக் குறைக்கலாம். கருப்பைக்காகக் கொடுத்த ஒரு மாத்திரை, ஆறிவரும் புண்ணில் ரத்தக் கசிவை ஏற்படுத்தலாம். இதற்கு நடுவே என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது என்ற குழப்பம் வேறு.

கம்மாபுரம், விருத்தாசலம், பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து சிகிச்சைக்காக வெளியூர் போய்வரும் தம்பதியரை மனத்தில் வைத்து, தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம். இது டாக்டரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

அல்சர் ஏன் வருகிறது?

இரைப்பையிலோ, அதை அடுத்த முன்சிறுகுடலிலோ உள்சுவரில் ஏற்படும் புண்ணைத்தான் அல்சர் என்கிறோம். முன்சிறுகுடல் புண்ணில் வெறும் வயிற்றிலும் நள்ளிரவிலும் வலி எடுக்கும். சாப்பிட்டால் சற்று அடங்கும். இரைப்பைப் புண்ணில் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலி வரும். அதனால் பயந்து சாப்பாட்டைக் குறைத்து மெலிந்து போகிறவர்களும் உண்டு.

காரம் சாப்பிட்டதால் வந்தது, கவலைப்பட்டதால் வந்தது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்தில் இதற்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பை பாதிக்கப்பட்டதை நிரூபித்தார். இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றில் இந்தக் கிருமி உண்டு. அவர்களில் சிலருக்கே அல்சராக மாறுகிறது.

இரண்டாவது முக்கியக் காரணம் வலி மாத்திரைகள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தை அரிக்கின்றன. மாதவிலக்கு வலிக்கு மாதாமாதம் இவற்றைப் போட்டுப் பழகிய பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். காரமும் புளிப்பும் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் புண்ணில் எரிச்சலைக் கூட்டும்.

தென்னிந்தியாவில் அல்சர் அதிகம் என்பது மருத்துவ உலகில் பழைய செய்தி. மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், அரிசியைப் பிரதான உணவாகக் கொண்ட பகுதிகளில் முன்சிறுகுடல் புண் அதிகமாகவும், கோதுமையும் சிறுதானியமும் உண்ணும் பகுதிகளில் குறைவாகவும் இருப்பதைக் கவனித்தார். தீட்டாத தானியங்களிலும் சில பயறுகளிலும் உள்ள கொழுப்புப் பொருள்கள் குடல்சுவரைக் காக்கின்றன என்பது அவரது ஆய்வுகளின் முடிவு. விலங்குகளிடம் செய்த சோதனைகளில் நம் ஊர்க் கொள்ளுக்கும் அந்தக் குணம் தெரிந்தது. கிருமிக்கான மருந்துக்கு இது மாற்றாகாது. ஆனாலும் வெள்ளை அரிசியை மட்டுமே நம்பாமல் கேழ்வரகு, கம்பு, பயறு வகைகளைச் சேர்த்துக்கொள்ள இது நல்ல காரணம்.

ஹார்மோன் ஊசிகள் என்ன செய்கின்றன?

இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்தது. அதற்குக் காரணமான டாக்டர் சுபாஷ் முகர்ஜி, கருமுட்டைகளை வளர்க்க ஹார்மோன் ஊசிகளைப் பயன்படுத்தியிருந்தார். அவர் உயிரோடு இருந்தபோது யாரும் அதை ஏற்கவில்லை. இன்று உலகெங்கும் கருத்தரிப்பு மையங்களில் அந்த ஊசிகள்தான் அன்றாட வழக்கம்.

பொதுவாக மாதவிலக்கின் 2 அல்லது 3ம் நாளில் தொடங்கி, 8 முதல் 12 நாட்கள் வரை கருமுட்டை வளர்வதற்கான ஊசி போடுவார்கள். முட்டை தானாக வெடித்துவிடாமல் தடுக்க இன்னொரு ஊசி. முட்டைகள் முதிர்ந்ததும் கடைசியாக ஒரு ஊசி. அதற்கு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுப்பார்கள். அதனால்தான் அந்தக் கடைசி ஊசியைச் சொன்ன நேரத்தில், நிமிடம் தவறாமல் போடச் சொல்கிறார்கள். பிறகு கரு தங்குவதற்காகப் புரோஜெஸ்டிரான், ஊசியாகவோ பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையாகவோ சில வாரங்கள் தொடரும்.

வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "ஊசியால் அல்சர் வருமா?" என்பது. வராது. இந்த ஊசிகள் தோலுக்கடியிலோ தசையிலோ போடப்படுகின்றன. இரைப்பை வழியாகப் போவதில்லை. சாப்பிட்ட பிறகு போட்டாலும் சாப்பிடும் முன் போட்டாலும் வேலை செய்யும்.

அப்படியானால் ஊசி போடும் நாட்களில் வயிறு ஏன் படுத்துகிறது? முட்டைப்பை பெரிதாவதால் அடிவயிறு உப்பும், கனக்கும். புரோஜெஸ்டிரான் குடலின் அசைவை மெதுவாக்கும். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியைத் தளர்த்தும். அதனால் நெஞ்செரிச்சல், வாயு, மலச்சிக்கல் வரும். கவலையில் தூக்கம் கெடும். நேரத்துக்குச் சாப்பிட மாட்டார்கள். பழைய அல்சர் திரும்பிவிட்டதோ என்று பயம் வரும். இவற்றில் பலவற்றை உணவு முறையாலேயே குறைக்கலாம்.

சிகிச்சை தொடங்கும் முன்

அல்சர் சந்தேகம் இருந்தால், ஊசி தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே அதைக் கவனித்துவிடுவது நல்லது. விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகலாம்.

எண்டோஸ்கோபி, மூச்சுச் சோதனை, மலச் சோதனை ஆகியவற்றால் கிருமியைக் கண்டறியலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள். கிருமி இருந்தால் வழக்கமாக 14 நாள் மருந்து கொடுப்பார்கள். நான்கு நாளில் வலி நின்றுவிட்டது என்று பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். மருந்து முடிந்து 4 வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். இதையெல்லாம் முடித்துக்கொண்டு ஊசியைத் தொடங்கினால், கர்ப்பம் தங்கிய பிறகு கிருமி மருந்துகளுக்கு அலைய வேண்டியிருக்காது.

அல்சருக்கும் ஊசிக்கும் நடுவில் வரும் மாத்திரைகள்

இந்தப் பகுதியைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள்.

1. மிசோப்ரோஸ்டால்: வலி மாத்திரையால் வரும் அல்சரைத் தடுக்கப் பயன்படும் மருந்து. சில வலி மாத்திரைகளுடன் சேர்ந்தே வருவதும் உண்டு. இது கருப்பையைச் சுருங்கவைத்துக் கருவைக் கலைத்துவிடும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண் இதைத் தொடவே கூடாது. வீட்டில் பெரியவர்களுக்கு மூட்டுவலிக்குக் கொடுத்த மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

2. டோம்பெரிடோன்: 'கேஸ் மாத்திரை' என்று நம்மவர்கள் சீட்டில்லாமல் வாங்கும் பல மாத்திரைகளில் அமிலம் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோனும் கலந்திருக்கும். பெயரின் முடிவில் 'டி' என்று இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. லெவோசல்பிரைடு கலந்தவையும் உண்டு. இவை ரத்தத்தில் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டும். புரோலாக்டின் கூடினால் கருமுட்டை வெளிவருவது தடைப்படலாம். புரோலாக்டின் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால், இப்படி ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அமிலத்தைக் குறைக்க மட்டும் மாத்திரை வேண்டுமென்றால், இந்தக் கலப்பு இல்லாததை டாக்டர் எழுதித் தருவார்.

3. வலி மாத்திரைகள்: ஊசி போட்ட இடத்தில் வலி, முட்டை எடுத்த பின் வலி, தலைவலி எதுவாக இருந்தாலும் பாராசிட்டமால் பற்றிக் கேளுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

4. ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும்: கருத்தரிப்புச் சிகிச்சையில் சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஹெபாரின் வகை ஊசியும் கொடுப்பார்கள். அல்சர் உள்ளவருக்கு இவை ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். "எனக்கு அல்சர் இருந்தது" என்று முதல் நாளே சொன்னால், தேவையா, தேவையென்றால் என்ன பாதுகாப்பு என்று டாக்டர் முடிவு செய்வார். சிலருக்குக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இது பொருந்தும். தானாக நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் போடுவதும் ஆபத்து.

ஹெபாரின் வகை ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து தயாரிக்கப்படுபவை என்பதால் நம்மவர்கள் தயங்குவதுண்டு. ஃபோண்டாபரினக்ஸ் என்று முழுக்கச் செயற்கையாகத் தயாரிக்கப்படும் மருந்தும் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மார்க்க ரீதியான விளக்கத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். இரண்டையும் கேட்கும் முன் ஊசியை நிறுத்திவிட வேண்டாம்.

5. தைராய்டு மாத்திரை: குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கும் பெண்கள் பலர் இதைப் போடுகிறார்கள். அல்சருக்கான ஆன்டாசிட் மருந்து, சுக்ரால்ஃபேட் திரவம், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இதை உடம்பில் சேரவிடாது. தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர்கள் தைராய்டு அளவை மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது.

6. மெட்ஃபார்மின்: பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்குக் கொடுப்பது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். சாப்பாட்டோடு போட வேண்டும். மெட்ஃபார்மினையும் அமிலம் குறைக்கும் மாத்திரையையும் பல மாதங்களாகச் சேர்த்து எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்.

7. இரும்புச் சத்து மாத்திரை: வயிற்றை எரிக்கும், மலத்தைக் கறுப்பாக்கும். அல்சரில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு சாதாரண மலம் போலவே கெட்டியாக இருக்கும். ரத்தக் கசிவால் வருவது தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு இருக்கும். சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் அல்சருக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். கரு உருவாகும் முன்பிருந்தே அது தேவை.

என்ன சாப்பிடலாம்?

அல்சருக்கு என்று தனிச் சமையல் தேவையில்லை. நேரம் தவறாமல், அளவைக் குறைத்து, தடவையைக் கூட்டிச் சாப்பிடுவதுதான் முக்கியம். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதற்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பும் ஊசி நாட்களுக்கும் இதுதான் ஏற்றது.

புண் ஆறவும், முட்டை வளர்ச்சிக் காலத்தில் உடம்பு தாங்கவும் புரதம் வேண்டும். முட்டை, தோல் நீக்கிய கோழி, மீன், பாசிப்பருப்பு, தயிர் எல்லாம் நல்லவை. பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் வரும் ஊர்களுக்கு மீனுக்குக் குறைவில்லை. அதைப் பொரிக்காமல் புளி, மிளகாய் குறைத்த குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ சாப்பிடலாம். ஆட்டிறைச்சி ஆசை இருந்தால் கொழுப்பு நீக்கி, நன்றாக வேகவைத்து, சூப்பாக அளவோடு எடுக்கலாம்.

காய்களில் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், பூசணி, கேரட், அவரை ஆகியவை வயிற்றுக்கு இதமானவை. மணத்தக்காளிக் கீரை, முருங்கைக் கீரை சத்து நிறைந்தவை. மலச்சிக்கலுக்கு வாழைத்தண்டும் கீரையும் தண்ணீரும் உதவும். பழங்களில் வாழைப்பழம், கொய்யா, மாதுளை, நன்றாகப் பழுத்த சப்போட்டா சாப்பிடலாம். பண்ருட்டிப் பலாவை வெறும் வயிற்றில் நிறையச் சாப்பிட்டால் வாயு சேரும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு சுளை போதும். நம் பகுதி முந்திரியும் வேர்க்கடலையும் வறுத்து உப்புக்காரம் போடாமல் ஒரு கைப்பிடி அளவில் நல்லது.

இட்லி, இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகுக் கூழ், அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் போட்ட கஞ்சி எல்லாம் பொருந்தும்.

பால் பற்றி ஒரு விளக்கம். அல்சருக்குப் பாலே மருந்து என்று ஒரு காலத்தில் டாக்டர்களே மணிக்கொரு தடவை கொடுத்தார்கள். பால் குடித்ததும் இதமாக இருக்கும். ஆனால் சற்று நேரத்தில் அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும் என்று பின்னர் தெரிந்தது. உணவாக ஒன்றிரண்டு டம்ளர் பால் குடிக்கலாம். வலிக்கும்போதெல்லாம் பாலைக் குடித்து அல்சரை ஆற்ற முடியாது.

எதைக் குறைக்க வேண்டும்?

வெறும் வயிற்றில் டீ, காபி வேண்டாம். காலை உணவுக்குப் பின் லேசான டீ ஒன்று, மாலையில் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கும் காபி, டீ அளவாக இருப்பதே நல்லது. கோலா பானங்கள், பொரித்த பண்டங்கள், ஊறுகாய், கடைகளின் காரச் சட்டினி ஆகியவை எரிச்சலைக் கூட்டும்.

வலீமா, கந்தூரி, பெருநாள் என்று விருந்துகள் வரத்தான் செய்யும். சிகிச்சையில் இருக்கும் மருமகளின் தட்டில் "இன்னும் கொஞ்சம்" என்று பிரியாணியைக் குவிப்பது அன்பின் அடையாளம்தான். அவருக்கு உதவ நினைத்தால் பாதித் தட்டு பிரியாணியோடு தயிர்ப் பச்சடி வையுங்கள். இரவு விருந்து பத்து மணிக்கு என்றால், எட்டு மணிக்கே வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர அனுமதியுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நாட்டு மருந்துகளில் கவனம் தேவை. அதிமதுரம் அல்சருக்குப் பழங்காலத்திலிருந்தே கொடுக்கப்படுவது. அது ரத்த அழுத்தத்தைக் கூட்டும். கர்ப்ப காலத்துக்கு ஏற்றதல்ல. கருத்தரிக்க முயலும் மாதங்களிலும் தவிர்க்கலாம். கருஞ்சீரகத்தைச் சமையலில் சேர்ப்பதில் பிரச்சினை இல்லை. எண்ணெயாகவோ கேப்சூலாகவோ எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அன்னாசியின் நடுத்தண்டைச் சாப்பிட்டால் கரு ஒட்டிக்கொள்ளும் என்று பரவும் செய்திக்கு ஆதாரமில்லை. அல்சர் உள்ளவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

ஒரு நாள் எப்படி இருக்கலாம்?

காலை 6 மணி: தைராய்டு மாத்திரை இருந்தால் தண்ணீரோடு.
7 மணி: அமிலம் குறைக்கும் மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் இது நன்றாக வேலை செய்யும்.
7.30 மணி: மூன்று இட்லி, காரம் குறைத்த தேங்காய்ச் சட்டினி, வேகவைத்த முட்டை ஒன்று. பிறகு லேசான டீ.
10.30 மணி: வாழைப்பழம் அல்லது மோர்.
1 மணி: அளவான சாதம், பாசிப்பருப்புக் கூட்டு, ஒரு காய், மீன் அல்லது கோழி, கடைசியில் தயிர்.
4.30 மணி: வேகவைத்த பயறுச் சுண்டல் அல்லது கேழ்வரகுக் கூழ்.
7.30 மணி: இடியாப்பம் அல்லது சப்பாத்தி, காய்கறிக் குருமா.
ஊசி: கிளினிக்கில் சொன்ன நேரத்தில், தினமும் அதே நேரத்தில்.

நாள் முழுவதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

பயண நாளும் ஊசிப் பெட்டியும்

ஸ்கேனுக்குப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு விடியற்காலையில் பஸ் ஏறுபவர்கள் அதிகம். முட்டை வளர்ச்சி பார்க்கும் ஸ்கேனுக்கும், அதற்கான ஹார்மோன் ரத்தச் சோதனைக்கும் பட்டினி தேவையில்லை. சர்க்கரைச் சோதனை போன்றவற்றுக்குத்தான் தேவை. "நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாமா?" என்று முந்தின நாளே கேட்டுக்கொண்டால், காத்திருப்புக் கூடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. டிபன் பாக்ஸில் இட்லி, ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு வாழைப்பழம் எடுத்துச் செல்லுங்கள்.

முட்டை எடுக்கும் நாளில் மயக்க மருந்து கொடுப்பதால் பட்டினி அவசியம். பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்தப்படும். அல்சர் இருப்பதைச் சொல்லி, காலை நேரத்தில் முதல் ஆளாக எடுக்க முடியுமா, அல்சர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாமா என்று கேளுங்கள்.

கருமுட்டை வளர்க்கும் ஊசிகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும்; உறைந்துவிடவும் கூடாது. ஃப்ரிட்ஜின் கதவிலோ ஃப்ரீசரிலோ வைக்காமல் நடுத் தட்டில் வையுங்கள். வெயில் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கம்மாபுரம் வருவதற்குள் மருந்து சூடாகிவிடும். ஐஸ் பெட்டியில், ஐஸ் நேராகப் படாமல் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

கணவர்களுக்கு

குழந்தையின்மைக்கான காரணங்களில் ஆண்களுக்கும் பெரும் பங்கு உண்டு. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைப் பக்கம் நின்று வேலை செய்பவர்கள், வளைகுடாவில் கடும் வெப்பத்திலும் சமையற்கூடங்களிலும் வேலை செய்பவர்கள், தொடர்ந்து படும் சூடு விந்தணுக்களைப் பாதிக்கும் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஒரு மாத லீவில் வந்து மாற்றம் எதிர்பார்ப்பதைவிட, வருவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே கவனமாக இருப்பது பயன் தரும்.

புகைப்பதும் புகையிலை மெல்வதும் அல்சரை ஆறவிடாது, விந்தணுவையும் கெடுக்கும். அல்சருக்கான பழைய மருந்தான சிமெடிடின் ஆண் ஹார்மோனின் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடியது. அதைத் தொடர்ந்து எடுப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். 'ஆண்மைக்கு' என்று டெஸ்டோஸ்டிரான் ஊசியைத் தாமாகப் போட்டுக்கொள்வது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

நோன்புக் காலத்தில்

புண் ஆறாத நிலையில் நீண்ட நேரம் பட்டினி இருப்பது வலியையும் ரத்தக் கசிவு அபாயத்தையும் கூட்டும். ஊசி போடும் நாட்களில் தண்ணீர் குறைவதும் நல்லதல்ல. நோயாளிக்கு நோன்பைப் பின்னர் நிறைவேற்றும் சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளும் பெண்ணை வீட்டில் யாரும் குற்ற உணர்வுக்கு ஆளாக்கக் கூடாது. முடிந்தால் ரமளானுக்கு முன்போ பின்போ சிகிச்சையைத் திட்டமிடலாம்.

அல்சர் ஆறிவிட்டது, டாக்டரும் அனுமதிக்கிறார் என்றால், சஹரைத் தவறவிடாமல் கடைசி நேரத்தில் சாப்பிடுங்கள். இஃப்தாரில் பேரீச்சம்பழம், தண்ணீர், காரம் குறைத்த நோன்புக் கஞ்சி என்று தொடங்குங்கள். சமோசா, பஜ்ஜியை வெறும் வயிற்றில் ஏற்ற வேண்டாம். உணவாகச் செலுத்தப்படாத, தோலிலும் தசையிலும் போடும் ஊசிகள் நோன்பை முறிக்காது என்று 1997ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்துள்ளது. பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேளுங்கள். மருந்தை இரவு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடமும் கேட்கலாம்.

"கேஸ்தான்" என்று விட்டுவிடக் கூடாத அறிகுறிகள்

ஊசிக் காலத்தில் உயிருக்கு ஆபத்தான சில பிரச்சினைகள் அல்சர் வலி போலவே தோன்றும்.

முட்டைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிற்றில் நீர் கோக்கும். வயிறு வேகமாக வீங்குவது, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடுவது, தொடர் வாந்தி, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது இதன் அடையாளங்கள். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கும் இளம் வயதினருக்கும் இது வர வாய்ப்பு அதிகம். ஊசி நாட்களில் தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

கர்ப்பம் உறுதியான பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி வந்தால் கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.

காபித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போன்ற மலம், திடீரென்று கத்தியால் குத்தியது போன்ற மேல்வயிற்று வலியோடு வயிறு பலகை போல் இறுகுவது ஆகியவை அல்சரில் ரத்தம் கசிவதையோ குடல் ஓட்டையாவதையோ காட்டும்.

இவற்றில் எது வந்தாலும் சோடா, கஷாயம் என்று நேரம் கடத்தாதீர்கள். இரவானாலும் 108ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டியவை இரண்டு: "குழந்தைக்காக ஹார்மோன் ஊசி போட்டிருக்கிறோம்", "அல்சர் இருக்கிறது".

இதற்கு வசதியாக, ஒரே நோட்டில் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், ஊசி போட்ட தேதி, எடை, வலி வந்த நேரம் ஆகியவற்றை எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை மெடிக்கலில் "ஒரு கேஸ் மாத்திரை" என்று கேட்கும் முன் அந்த நோட்டைப் பாருங்கள். குழந்தைச் செல்வத்துக்காக மருந்தும் செலவும் அலைச்சலும் தாங்கும் சகோதரிகளுக்கு, வேளைக்குச் சாப்பாடும், "எப்போ விசேஷம்?" என்று யாரும் கேட்காத நிம்மதியும் வீட்டார் தர முடிந்த உதவிகள்.